வெளிச்சம் அடித்த படம்

“ஏட்டி, இதுல வெளிச்சம் அடிச்சிருக்கு. தப்பு விழுந்த படம்லா இது” என்றார் அப்பா.

“அதுதான் தாத்தா இதுல அழகே” என்றாள் அக்கா மகள்.

அப்பா அதற்குமேல் பேசவில்லை. போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, படித்துறைப் பக்கம் நடந்து போய்விட்டார். ஆறிப்போன காபியை அம்மா மறுபடி சுடவைத்தாள். நடந்தது இவ்வளவுதான். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வரி எனக்குள் இன்னும் அடங்கவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை, அப்பா எழுந்து போனது வீம்பும் இல்லை. பிறகு எங்கேதான் இடிக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

படம் 2024 ஆனித் தேரோட்டத்தில் எடுத்தது. அந்த வருடம் நெல்லையப்பர் தேரின் வடம் அறுந்து, தேர் நகர வெகுநேரம் ஆனது ஊருக்கே தெரியும். ரதவீதியில் அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் கழுத்தில் தாத்தாவின் பழைய யாஷிகா பிலிம் கேமரா தொங்கியது. உள்ளே ஒரே ஒரு ரோல், 36 படம். தேர் நகரும் நகரும் என்று காத்திருந்து, நகராத தேரைத்தான் அதிகம் எடுத்திருந்தாள். ரோலைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பி, பன்னிரண்டு நாள் கழித்து ஸ்கேன் செய்த படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றைத்தான் அப்பாவிடம் காட்டினாள். அறுந்த வடம் ரோட்டில் கிடக்கிறது. சுற்றி நிற்கிற ஆட்கள் வெறுங்கையோடு தேரை அண்ணாந்து பார்க்கிறார்கள். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஆரஞ்சு நிறத்தில், அடுப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தீ மாதிரி ஒரு கீற்று. கேமராவின் பின்கதவு வழியாக ஒளி கசிந்திருக்கிறது. கலர் நெகட்டிவில் சிவப்பை வாங்கும் அடுக்குதான் முதுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து நுழைகிற வெளிச்சம் முதலில் அதைத்தான் தொடும். அதனால்தான் அந்தச் செம்மை.

அவள் வயதுப் பிள்ளைகள் இந்தக் கீற்றை வரவழைக்கப் போனில் ஆப் வைத்திருக்கிறார்கள். இவளுக்கு நிஜக் கேமராவில், நிஜத் தேரில் அது தானாக வந்து விழுந்ததில் சிநேகிதிகளுக்கெல்லாம் ஆற்றாமை. எனக்கோ படத்தைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ புரண்டது. அந்த ஆரஞ்சை நான் இதற்கு முன்னால் ஒருதடவை பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஏக்கம் கிடையாது

பழைய பொருளை இளசுகள் தேடி எடுக்கும்போது பெரியவர்கள் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவிலேயே இரண்டு விதமும் உண்டு. ஒருவர், “ரோலுக்கு ஆயிரம் ரூவா, கழுவ தனி ரூவா. போன்ல சும்மா கெடைக்கத எதுக்குக் காசு குடுத்து வாங்குதா இந்தப் பிள்ள?” என்பார். இன்னொருவர் அந்தக் கேமராவைக் கண்டதும் உருகிப்போய், “அந்தக் காலத்துப் போட்டோ மாதிரி வருமாய்யா, அதுல உயிர்லா இருந்துச்சு” என்பார். முதலாமவரிடம் அந்தப் பிள்ளை கூனிக்குறுகி நிற்கும், இரண்டாமவரிடம் ஒரு மணி நேரம் நிற்கும். எனக்கு இரண்டு பேச்சிலும் சம்மதமில்லை. முதல் பேச்சு அவளுடைய ஆசையைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது பேச்சு அப்பாவின் கையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்பா 1976 முதல் 2009 வரை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஆறுக்கு ஐந்தடி இருட்டறை. ஈரப் பிலிமில் தூசி ஒட்டிவிடும் என்பதால் உள்ளே ஃபேன் போட முடியாது. சித்திரை வெக்கையில், பிலிம் கழுவுகிற மருந்தான டெவலப்பரை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் கட்டி வாங்கி டிரேயைச் சுற்றி அடுக்குவார். மருந்தைக் கடையில் தயாராக வாங்கினால் கட்டாது என்று மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து அவரே கலப்பார். மெட்டால் சிலருடைய தோலுக்கு ஆகாது. அப்பாவுக்கு ஆகவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, ரசம் பட்டால் எரியும் என்று மாதக்கணக்கில் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் ஸ்பூனில். கழுவிய படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ மருந்தின் வாடை என்றால் எனக்கு இன்றும் ஒரு சுகம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூடியோவில் உட்கார்ந்த சாயங்காலங்கள் அந்த வாடையோடு சேர்ந்து எழுந்து வரும். ஆனால் அந்த ஏக்கம் எனக்குத்தான். கையை உள்ளே விட்டவருக்கு அது இல்லை.

ஜங்ஷன் கடைக்காரர்களில் முதலில் டிஜிட்டல் கேமரா வாங்கியவர்களில் அப்பாவும் ஒருவர். கடன் வாங்கித்தான் வாங்கினார். அன்றைக்கு ராத்திரி ரசம்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டதை அம்மா இன்றும் சொல்வாள். 2012 ஜனவரியில் பிலிம் செய்கிற கோடாக் கம்பெனி திவால் மனு போட்ட செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி விளையாட்டுச் செய்திக்குப் போனார். பன்னிரண்டு வருடம் கழித்து, அதே 2024 ஜூனில், பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமரா வெளியிட்டிருக்கிறது, 36 படம் எடுக்கிற ரோலில் 72 படம் எடுக்கலாமாம் என்று நான் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “யாருக்காம்?”

ஆகவே தேர் படத்தைப் பார்த்து அவர் எழுந்து போனது பழசை நினைத்து இல்லை.

கொடியில் காய்ந்த முகங்கள்

இந்தக் கேமரா அவள் கைக்கு வந்ததே வெள்ளத்தில்தான். 2023 டிசம்பர் 17, 18. எங்கள் வீடு தாமிரபரணிக் கரையில், சிந்துபூந்துறையில். 92 வெள்ளத்தில் வாசல்படியோடு நின்ற தண்ணீர் இந்தத் தடவை ஜன்னலைத் தொட்டது. அப்பாவும் அம்மாவும் மாடி அறையில் இரண்டு ராத்திரி இருந்தார்கள். தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் முழங்கால் அளவு சகதி. பரணில் இருந்ததால் கேமரா தப்பித்தது. கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டி தப்பவில்லை. முப்பத்து மூன்று வருடத்து நெகட்டிவ் அதில்தான் இருந்தது. கறுப்பு வெள்ளையில் ஊட்டி ‘இந்து’ பிலிம் முதல் கடைசிக் காலக் கலர் வரை, தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய காகித உறைகளில். மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே களியாக இருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “தூக்கிப் போட்டுருங்க. யாருக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு வாசலைக் கழுவப் போனார். குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மெத்தையைத் தூக்கிப் போடச் சொன்ன அதே குரல்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அக்கா மகள் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டிருக்க வேண்டும். பிளாஸ்திரியைத் தோலிலிருந்து இழுப்பது போன்ற சத்தம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்பா ஓடிவந்தார். எழுபத்து நான்கு வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

“இழுக்காதட்டி! இழுக்காத! தண்ணில போடு!”

எங்கள் யாருக்கும் புரியவில்லை. தண்ணீரில் கெட்டதை மறுபடி தண்ணீரிலா? அவர் குந்தி உட்கார்ந்து விளக்கினார். படம் இருப்பது பிளாஸ்டிக்கில் இல்லை, அதன்மேல் பூசியிருக்கிற ஜெலட்டினில். மாட்டெலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கிற அந்தப் பசை நனைந்தால் ஊறி உப்பும், காயும்போது பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு யார் பிரித்தாலும் முகம் கையோடு வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே, குளிர்ந்த சுத்தமான தண்ணீருக்குள் வைத்து, தானாக விலகுகிறதை மட்டும் பிரிக்க வேண்டும்.

சுத்தமான தண்ணீர் எங்கே இருந்தது? வாசலுக்கு வெளியே ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக் குழாயில் சொட்டு இல்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த இரண்டு கேன் குடிதண்ணீர் மட்டும் அடுப்படியில் இருந்தது. அப்பா ஒரு கேனைத் தூக்கினார். அம்மா வெடித்தாள். “குடிக்கத் தண்ணி இல்லங்கேன், இந்த மனுசன் நெகட்டிவக் குளிப்பாட்டப் போறாரே! தூக்கிப் போடச் சொன்னது நீங்கதான?” அவர் பதில் சொல்லவில்லை. திட்டிக்கொண்டே அம்மா போய், தீபாவளிக்கு மட்டும் இறக்குகிற பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

ராத்திரி கரண்ட் இல்லை. அவள் போன் டார்ச்சைப் பிடிக்க, அப்பா அண்டாவுக்குள் கையை விட்டுத் துண்டு துண்டாகப் பிரித்தார். கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அலசி எடுத்துக் கொடுப்பார். அப்படிச் செய்தால் நீர்த்துளி தங்கிக் கறை விழாதாம். நான் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவேன். அவள் ஒவ்வொன்றையும் டார்ச்சுக்கு எதிரே பிடித்து, “இது யாரு தாத்தா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெள்ளை முடியும் கறுத்த முகமுமாகத் தலைகீழான அந்த நெகட்டிவ் முகங்களை அவர் நேர்ப்படத்தைப் போலப் படித்தார். “இது சேரன்மாதேவி. இது பத்தமடை, பாய்க்கடைக்காரர் வீட்டு அறுபதாங்கல்யாணம்.” நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து, மாலை போட்டிருந்த ஒரு கிழவியின் படம் வந்தது. அவள் “ஏன் தாத்தா இந்த ஆச்சி கண்ணைத் தொறக்கல?” என்றாள். இறந்த பிறகு எடுத்தது என்று அப்பா சொன்னார். உயிரோடு இருந்தவரை அந்தக் கிழவியை யாரும் படம் எடுக்கவில்லை. அந்த வீட்டில் அவர் முகத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தத் துண்டுதான்.

முந்நூறு, நானூறு துண்டு தேறியிருக்கும். மற்றதெல்லாம் போயிற்று. பொங்கல் கழித்து ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். வெள்ளத்தில் வீடும் வீட்டிலிருந்த படங்களும் போய்விட்டன, அவருடைய அம்மா அப்பா கல்யாணப் படம் இங்கே எடுத்ததாம். அப்பா ஒரு மணி நேரம் தேடினார். இல்லை. அவரை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வெள்ள ராத்திரியின் முடிவில்தான் அக்கா மகள் அந்தக் கேமராவைக் கேட்டாள். “எடுத்துக்க, அதுல என்ன இருக்கு” என்றார். அவள் அதைத் துணியால் துடைத்து, பின்கதவின் விளிம்பு முழுக்க ஓடிய பழுத்துப்போன பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அது எதற்கு அங்கே இருந்தது என்று அவள் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

கடைசியாகச் சுற்றியது மேலே இருக்கும்

1989. எனக்குப் பதினொரு வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். லீவு நாள் என்பதால் ஃப்ளாஷ் பையைத் தூக்க அப்பா என்னைக் கூட்டிப்போனார். தாலி கட்டி முடிந்ததும் பெண்வீட்டார் அவரைப் பந்திக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். கேமராவை என் மடியில் வைத்துவிட்டு, “பத்திரம்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். எண் காட்டும் சிறு கண்ணாடியில் 31 இருந்தது. எனக்குப் பந்திக்கு முன்பே ஒரு லட்டு கிடைத்திருந்தது. தின்றுகொண்டே இடப்பக்கத்துக் குமிழைச் சும்மா மேலே இழுத்தேன். ‘டக்’ என்று பின்கதவு திறந்துகொண்டது. பழுப்பாகப் பளபளத்த பிலிமை ஒரு கணம் பார்த்தேன். பதறி மூடினேன். யாரும் பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை.

பிலிம் எடுக்க எடுக்க வலப்பக்கச் சுருளில் ஏறும். முதலில் எடுத்தது உள்ளே போகும், கடைசியில் எடுத்தது மேலே இருக்கும். கதவைத் திறந்தால் மேலே இருப்பதுதான் முதலில் எரியும். பெண்ணழைப்பு, மாப்பிள்ளை வருகை எல்லாம் உள்சுற்றில் ஓரமாக ஆரஞ்சுக் கீற்றோடு தப்பித்தன. தாலி கட்டிய ஐந்து படமும் மேல்சுற்று. பிரிண்ட் போட்டு வந்தபோது அவை வெறும் வெள்ளைக் காகிதம்.

“ஏல, கேமராவத் தொறந்தியா?”

“இல்லப்பா.”

இரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை. அடுத்த நாள் முக்கூடல் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். திண்ணையில் நின்று, “என் கைத்தவறு. தாலி கட்டுன படம் இல்ல” என்று சொல்லி, வாங்கின அட்வான்ஸைத் தாம்பாளத்தில் வைத்தார். பெண்ணின் அப்பா கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நினைவிருக்காது. உள்ளேயிருந்து மஞ்சள் காயாத தாலியோடு அந்த அக்கா வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்: “ஒண்ணு கூடவா இல்ல?” அடுத்த வாரம் இருவரும் கல்யாணப் பட்டிலேயே ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மாலை வாங்கிப் போட்டு அப்பா எடுத்துக் கொடுத்தார். அவர்கள் ஆல்பத்தின் முதல் பக்கம் அந்தப் படம்தான். பின்னால் தெரிவது மணவறை இல்லை, எங்கள் ஸ்டூடியோ திரை. அன்றைக்கு வீடு திரும்பியதும் அப்பா செய்த முதல் வேலை, கேமராவின் பின்கதவைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியது. அதன்பின் ஒவ்வொரு ரோல் மாற்றும்போதும் பழையதைக் கிழித்துப் புதிது ஒட்டினார். அந்தக் கேமராவை வைத்திருந்த கடைசி நாள்வரை.

அக்கா மகள் சுரண்டி எடுத்தது அந்தக் கடைசிப் பிளாஸ்திரியைத்தான். பழைய கேமராக்களில் கதவிடுக்கை அடைக்கிற நுரைப்பஞ்சு காலப்போக்கில் பிசினாகி உதிர்ந்துவிடும். பிளாஸ்திரியும் போனபிறகு வெளிச்சம் புகாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போதுதான் எனக்கு இடிக்கிற இடம் பிடிபடுகிறது. அவள் போனில் அதே தேர் நாற்பது படமாகத் தெளிவாக இருக்கிறது. கேமராப் படத்தில் கீற்று விழுந்தால் அவள் எதையும் இழக்கவில்லை, கூடுதலாக ஒன்று கிடைத்திருக்கிறது. அதை அழகு என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு, படமும் அழகுதான். கையில் இன்னொன்று இருப்பவர்களால் பிழையை ரசிக்க முடிகிறது. அப்பாவின் தொழிலில் இன்னொன்று என்பதே கிடையாது. நாற்காலியில் சாத்தி வைத்த கிழவிக்கு இன்னொன்று இல்லை. அந்த அக்காவின் தாலிக்கு இன்னொன்று இல்லை. முப்பத்து மூன்று வருடம் அவர் காவல் காத்தது அந்தக் கீற்று உள்ளே வந்துவிடாமல் இருக்கத்தான். அதையே பேத்தி அழகு என்று சொன்னபோது அவருக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வந்ததா, நான் ‘இல்லப்பா’ என்று சொன்னது ஞாபகம் வந்ததா என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

கறுப்புக் கம்பளி நூல்

படித்துறையிலிருந்து திரும்பியபின் இரண்டு நாள் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளைப் போனில் கூப்பிட்டு, “கேமராவ எடுத்துட்டு வா” என்றார். திண்ணையில் பேப்பரை விரித்து, பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்து, கதவுக் காடியில் இருந்த பிசினை ஓரம் ஓரமாக வழித்து எடுத்தார். கறுப்புத் தார் போல வந்தது. கை நடுங்கியது, ஆனால் குச்சி காடிக்கு வெளியே ஒருதடவைகூடப் போகவில்லை. பிறகு அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து கறுப்புக் கம்பளி நூலை எடுத்துக் காடிக்குள் பதிக்கத் தொடங்கினார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா, ஒரு மூலைல மட்டும் கொஞ்சம் விட்டு வைங்களேன்.”

“ஓட்டை வேணும்னா நீ போட்டுக்க. நான் குடுக்க கேமராவுல ஓட்டை இருக்கக் கூடாது.”

“உங்களுக்குப் பிடிக்கலன்னா சரி. ஆனா தேர் படம் எனக்குப் பிடிச்சிருக்கு தாத்தா.”

“பிடிச்சா வச்சுக்க. அது உன் படம். ஒரு கல்யாணத்துல இதே மாதிரி வெளிச்சம் விழுந்து தாலி கட்டுன படம் முச்சூடும் போச்சு. கை தவறி நான்தான் கதவத் தொறந்துட்டேன். ‘ஒண்ணு கூடவா இல்ல’ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். முப்பத்தைந்து வருடம் கழித்தும் அவர் ‘நான்தான்’ என்றே சொல்கிறார்.

“அப்பா, அன்னைக்குத் தொறந்தது நான்” என்றேன்.

அவர் நிமிரவில்லை. நூலின் நுனியை நாக்கில் ஈரம் செய்து காடியின் மூலையில் அழுத்திக்கொண்டிருந்தார்.

“தெரியும்ல. கதவுல லட்டு நெய்யி அப்பியிருந்துச்சு.”

பிறகு அவள் பக்கம் கையை நீட்டினார். “கத்தரிய எடு.”